மெமரி கார்டு திடீரென செயலிழப்பது ஏன்? நல்ல கார்டு ரீடரைத் தேர்வு செய்வது எப்படி? - முழு விளக்கம்

அக்கா மகளின் காதணி விழா முடிந்து மூன்று வருடம் கழித்து அந்த வீடியோவைத் தேடினோம். மாமாவின் பழைய செல்போன் எப்போதோ உடைந்துவிட்டது. அதில் இருந்த மெமரி கார்டு மட்டும்தான் மிச்சம். வேறு நகல் கிடையாது. வீடியோவில் சிரித்துக்கொண்டிருந்த பாட்டி இப்போது இல்லை.

கார்டை ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகியதும் திரையில் வந்தது இந்த அறிவிப்பு: 'இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யலாமா?'

"ஓகே குடுத்துடு, அப்பதான் ஓப்பன் ஆகும்" என்றார் மாமா. கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்து வேறொரு ரீடர் வாங்கி வந்து போட்டோம். வீடியோ முழுவதும் அப்படியே இருந்தது. கெட்டுப் போயிருந்தது கார்டு இல்லை, ரீடர்!

அன்று அந்த ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெமரி கார்டு உண்மையில் எப்படித் தேய்கிறது? கார்டு கெட்டதா, ரீடர் கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரீடர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டுக்குள் இரண்டு முக்கியமான பாகங்கள் உள்ளன. ஒன்று, தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப். இன்னொன்று, எந்தத் தகவலை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர். இது ஒரு குட்டிக் கணினி மாதிரி.

இன்று நாம் பயன்படுத்தும் நேண்ட் வகை ஃபிளாஷ் சிப்பை 1987-ல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. எஸ்டி கார்டு 1999-ல் வந்தது. தோஷிபா, பானசோனிக், சான்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது அது.

ஃபிளாஷ் சிப்பில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் 'சேமிப்பு'. அறையைச் சுற்றி மின்சாரம் எளிதில் கடக்க முடியாத மெல்லிய படலம் இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் தகவல் அழியாமல் இருப்பதற்கு அந்தப் படலம்தான் காரணம்.

தேய்மானம் எப்படி நடக்கிறது?

ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும், கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை அந்தப் படலம் வழியாகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலிலும் படலம் கொஞ்சம் சேதமாகிறது. நோட்டில் ஒரே இடத்தை ரப்பர் வைத்து அழித்து அழித்து எழுதினால் தாள் மெலிந்து ஓட்டை விழும் இல்லையா? அதே கதைதான்.

ஒரு அறையில் எத்தனை பிட் தகவலைத் திணிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆயுள் மாறும். ஒரு அறைக்கு ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி வகை, சுமார் 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் முறை வரை தாங்கும். இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி சில ஆயிரம் முறை. மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சுமார் ஆயிரம் முறை, தரத்தைப் பொறுத்துக் கூடலாம் குறையலாம். நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி அதைவிடவும் குறைவு.

கடையில் கிடைக்கும் சாதாரண கார்டுகள் பெரும்பாலும் டிஎல்சி அல்லது க்யூஎல்சி வகைதான். விலை குறைந்ததற்கும் கொள்ளளவு கூடியதற்கும் காரணம் இதுவே.

ஒரே அறை திரும்பத் திரும்ப அடி வாங்காமல் இருக்க, கன்ட்ரோலர் எல்லா அறைகளுக்கும் வேலையைச் சமமாகப் பங்கு போடும். பழுதான பகுதிகளை ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் வைத்திருக்கும் உதிரிப் பகுதிகளைப் பயன்படுத்தும். உதிரி தீர்ந்துவிட்டால் பல கார்டுகள் 'இனி எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும்' என்ற நிலைக்குப் போய்விடும். ஃபைலை டெலிட் செய்து, கார்டை எடுத்து மறுபடி போட்டால் அதே ஃபைல் திரும்ப வந்து நிற்கிறதா? ஃபார்மேட் கொடுத்தும் எதுவும் அழியவில்லையா? கார்டு இந்த நிலைக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே இருப்பதை உடனே நகல் எடுத்துவிட்டு, அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

'அடிக்கடி பாட்டு கேட்டாலும், படம் பார்த்தாலும் கார்டு தேயுமா?' என்று பலர் கேட்பதுண்டு. படிப்பதால் ஏற்படும் பாதிப்பு மிகக் குறைவு. அதைக் கன்ட்ரோலர் சமாளித்துக்கொள்ளும். கார்டைத் தேய்ப்பது எழுதுவதும் அழிப்பதும்தான்.

யாருடைய கார்டு சீக்கிரம் தேயும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதலில் கல்யாண போட்டோகிராபர். ஒரு முகூர்த்தத்துக்கு 64 ஜிபி கார்டு முழுவதும் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 கல்யாணம். அப்படியானால் வருடத்துக்கு 50 முறை கார்டு முழுவதும் எழுதி அழிக்கப்படுகிறது. ஆயிரம் முறை தாங்கும் கார்டு என்றால், கணக்குப்படி 20 வருடம் வரும்.

அடுத்து, வீட்டு வாசலில் இருக்கும் வைஃபை கேமரா. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 24 மணி நேரமும் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி. 32 ஜிபி கார்டு ஒன்றரை நாளில் நிறைந்து, பழையதை அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கும். வருடத்துக்கு கிட்டத்தட்ட 246 முறை. ஆயிரம் முறை தாங்கும் கார்டு நான்கு வருடத்தில் எல்லையைத் தொட்டுவிடும். மலிவான கார்டு என்றால் அதற்கும் முன்பே.

மூன்றாவது, டாக்சியில் இருக்கும் டேஷ் கேமரா. விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 5.4 ஜிபி. தினமும் 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் வண்டி ஓடினால் 16,200 ஜிபி. 32 ஜிபி கார்டு ஒரே வருடத்தில் 500 முறைக்கு மேல் எழுதப்படும். இரண்டு வருடம் தாண்டுவதே பெரிய விஷயம். இதோடு கண்ணாடிக்குப் பின்னால் சித்திரை வெயிலில் வேகும் சூடும் சேர்ந்துகொள்ளும். சூடு அதிகமானால் அறைகளில் அடைத்து வைத்த எலெக்ட்ரான்கள் வேகமாகக் கசியும்.

இவை தோராயக் கணக்குகள்தான். கார்டின் உள்ளே நடக்கும் கூடுதல் எழுத்து வேலையால் உண்மையான ஆயுள் இதைவிடக் குறையலாம். ஆனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. கேமராக்களில் ஓடும் கார்டு உண்மையாகவே தேய்ந்து சாகிறது. போட்டோகிராபரின் கார்டும், நம் செல்போன் கார்டும் தேய்மானத்தால் சாவது அபூர்வம். அவை பெரும்பாலும் பாதி எழுதும்போது பிடுங்குவது, தளர்ந்த ரீடர், அழுக்கேறிய பின், வளைவு, போலிக் கார்டு போன்ற காரணங்களால்தான் கெடுகின்றன.

கேமராவுக்குக் கார்டு வாங்குகிறீர்களா? 'ஹை எண்டியூரன்ஸ்' என்று அட்டையில் எழுதியிருக்கும் வகையை வாங்குங்கள். தொடர் பதிவுக்காகவே செய்யப்படுபவை இவை. சாதாரணக் கார்டை சிசிடிவியில் போட்டால் வாரன்டி செல்லாது என்று சில நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கிறது. 32 ஜிபிக்குப் பதில் 128 ஜிபி போட்டால், அதே பதிவுக்குக் கார்டின் மீதான சுமை கால்வாசியாகக் குறையும். கேமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, மாதத்துக்கு ஒரு முறையாவது பழைய பதிவைத் திறந்து பாருங்கள். வாசலில் வண்டி காணாமல் போன பிறகு, போலீஸ்காரர் வந்து "ஃபுட்டேஜ் குடுங்க" என்று கேட்கும்போதுதான், கார்டு இரண்டு மாதமாகப் பதிவே செய்யவில்லை என்று தெரியவரும் வீடுகள் உண்டு.

'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் கார்டு கெட்டுவிட்டதா?

அவசியம் இல்லை. அந்தக் கேள்விக்கு அர்த்தம், 'இந்தக் கார்டில் இருப்பது எனக்குப் புரியவில்லை' என்பதுதான். புரியாமல் போக நான்கு காரணங்கள் இருக்கலாம்.

1. ரீடரின் பின்கள் கார்டைச் சரியாகத் தொடவில்லை. பாதித் தகவல் மட்டும் போய்ச் சேருகிறது.

2. ரீடரோ கணினியோ மிகப் பழையது. எஸ்டி கார்டுகளில் 2 ஜிபி வரை ஒரு தலைமுறை. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. முதல் தலைமுறைக்காகச் செய்த ரீடரில் எஸ்டிஎச்சி கார்டு வேலை செய்யாது. எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அது தெரியாத பழைய கணினியோ டிவியோ ஃபார்மேட் செய்யச் சொல்லித்தான் கேட்கும்.

3. செல்போனில் அந்தக் கார்டை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக மாற்றியிருக்கலாம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் இந்த வசதி இருக்கிறது. அப்படி மாற்றினால் கார்டில் உள்ள எல்லாமே அந்தப் போனுக்கு மட்டும் புரியும்படி பூட்டப்பட்டுவிடும். எந்த ரீடரில் போட்டாலும் திறக்காது. அந்த போனையே ரீசெட் செய்துவிட்டால் சாவியும் போய்விடும்.

4. ஃபைல்களின் அட்டவணை சிதைந்திருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்குவதுதான் இதற்கு முக்கியக் காரணம். புத்தகத்தில் பொருளடக்கம் மட்டும் கிழிந்த மாதிரி. பக்கங்கள் உள்ளேயேதான் இருக்கும்.

நான்கிலுமே தகவல் அழியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபார்மேட் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். 'குவிக் ஃபார்மேட்' பெரும்பாலும் அட்டவணையை மட்டும் அழிக்கும், மீட்க வாய்ப்பு இருக்கும். ஆனால் விண்டோஸில் விஸ்டா காலத்துக்குப் பிறகு, 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால் கார்டு முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதிவிடும். அதன் பிறகு மீட்க எதுவும் இருக்காது.

கார்டா, ரீடரா? கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் 'கேன்சல்' கொடுங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்.

* கார்டின் தங்க நிறப் பின்களை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். பிளேடு, கத்தி வைத்துச் சுரண்டவே கூடாது.

* பெரிய எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் 'லாக்' பட்டனைப் பாருங்கள். அந்தப் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது ரீடர்தான், கார்டுக்கு அது தெரியாது. பட்டன் தளர்ந்து நகர்ந்தாலோ, ரீடரில் உள்ள ஸ்விட்ச் பழுதானாலோ 'ரைட் புரொடெக்டட்' என்று வரும்.

* அதே கார்டை வேறு ரீடரில், முடிந்தால் வேறு கணினியில் போடுங்கள். எந்த போனில் அல்லது கேமராவில் பதிவானதோ அதிலேயே போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

* அதே ரீடரில் நன்றாக இயங்கும் இன்னொரு கார்டைப் போடுங்கள். மனசுக்கு நெருக்கமானது எதுவும் இல்லாத, காலிக் கார்டாக இருக்கட்டும்.

வேறு ரீடரில் திறந்தால் பிரச்சினை ரீடரில். எந்த ரீடரிலும் திறக்கவில்லை, ஆனால் மற்ற கார்டுகள் திறக்கின்றன என்றால் பிரச்சினை கார்டில்.

கார்டில்தான் பிரச்சினை என்றால், இனி அதில் எதையும் எழுதக் கூடாது. புதிதாக ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது. 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று கணினி கேட்டாலும் வேண்டாம், அதுவும் கார்டில் எழுதும் வேலைதான். ஃபைல்கள் தெரிந்தால் முதலில் நகல் எடுங்கள்.

தெரியவில்லை, ஆனால் கார்டின் கொள்ளளவு சரியாகக் காட்டுகிறது என்றால் போட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை முயலலாம். மீட்ட ஃபைல்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். கொள்ளளவு பூஜ்ஜியம் என்று காட்டினாலோ, கார்டு இருப்பதையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றாலோ, கன்ட்ரோலர் போயிருக்கலாம். அங்கே மென்பொருள் உதவாது. டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும். மைக்ரோ எஸ்டியில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே துண்டாக இருப்பதால் அந்த வேலை கடினம், செலவும் அதிகம்.

ரீடர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து ஊர் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடை வரை விதவிதமான ரீடர்கள் கிடைக்கின்றன. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்பார் கடைக்காரர். எல்லாம் ஒன்றில்லை.

மின்சாரம்: யுஎஸ்பியில் இருந்து வருவது 5 வோல்ட். எஸ்டி கார்டு இயங்குவது 2.7 முதல் 3.6 வோல்ட்டில். இடையில் அதைக் குறைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் கொடுப்பது ரீடரின் வேலை. மட்டமான ரீடர் இங்கேதான் சொதப்பும். வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், பெயர் தெரிந்த நிறுவனத்தின் ரீடரை பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு. நகல் எடுக்கும்போது லேசாக வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். தொட முடியாத அளவு சுட்டால் உடனே மாற்றுங்கள்.

ஸ்லாட்: கார்டு நேராக, ஒரே சீராக உள்ளே போக வேண்டும். போட்ட பிறகு ஆடக் கூடாது. தள்ளி அமுக்கினால்தான் போகும் என்றாலும் வாங்க வேண்டாம். மைக்ரோ எஸ்டிதான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதற்கென்றே ஸ்லாட் உள்ள ரீடராகப் பாருங்கள். அடாப்டருக்குள் கார்டு, ரீடருக்குள் அடாப்டர் என்று அடுக்கும்போது, தொடர்பு விட்டுப்போகக்கூடிய இடம் ஒன்று கூடுகிறது.

வேகம்: யுஎஸ்பி 2.0 ரீடர் நடைமுறையில் விநாடிக்கு 30 முதல் 40 எம்பி வரைதான் கொடுக்கும். 64 ஜிபியை நகல் எடுக்கக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். நல்ல கார்டும் யுஎஸ்பி 3.0 ரீடரும் இருந்தால் சுமார் 12 நிமிடத்தில் முடியும். இதில் பாதுகாப்பும் இருக்கிறது. காத்திருக்கும் நேரம் குறைந்தால் பொறுமை இழந்து பாதியில் பிடுங்குவதும் குறையும்.

நீல நிறத்தை நம்பாதீர்கள்: யுஎஸ்பி 3.0 என்றால் உள்ளே நீல பிளாஸ்டிக் இருக்கும் என்று சொல்வார்கள். அந்த நிறத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். வழக்கமான பெரிய யுஎஸ்பி முனை என்றால் உள்ளே பின்களை எண்ணுங்கள். மொத்தம் 9 இருந்தால் 3.0. நான்குதான் இருக்கிறது என்றால், என்ன நிறமாக இருந்தாலும் அது 2.0.

கார்டுக்கு ஏற்ற ரீடர்: கார்டின் மேல் ரோமன் எண்ணில் ஒன்று என்று இருந்தால் யுஎச்எஸ்-1, அதிகபட்சம் விநாடிக்கு 104 எம்பி. இரண்டு என்று இருந்தால் யுஎச்எஸ்-2, 312 எம்பி வரை. இரண்டாவது வகையில் பின்கள் இரண்டு வரிசையாக இருக்கும். அதைச் சாதாரண ரீடரில் போட்டாலும் வேலை செய்யும், வேகம் மட்டும் கிடைக்காது. யுஎச்எஸ்-1 கார்டிலேயே '170 எம்பி' என்று எழுதியிருந்தால், அது அந்த நிறுவனத்தின் தனி முறை. அதற்கு ஏற்ற ரீடர் இருந்தால்தான் அந்த வேகம் வரும்.

எங்கே செருகுவது: டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். நான்கைந்து கருவிகள் தொங்கும், தனி மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப்பில் வேண்டாம். செல்போனில் பயன்படுத்த டைப்-சி முனையும் சேர்ந்த ரீடர் வசதியானது.

வாங்கியதும் ஒரு பரிசோதனை

புதுக் கார்டையும் புது ரீடரையும் நேராக விசேஷத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. இவை கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று சரிபார்க்கும். காலிக் கார்டில் மட்டும் செய்யுங்கள்.

போலிக் கார்டு மாட்டுவதும் இந்தச் சோதனையில்தான். '512 ஜிபி' என்று காட்டும்படி கன்ட்ரோலரை ஏமாற்றி, உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோ வைத்திருப்பார்கள். உண்மையான அளவு நிறையும் வரை எல்லாம் சரியாக நடக்கும். அதன் பிறகு ஃபைல் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பில் கையில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

தினமும் கடைப்பிடிக்க வேண்டியவை

* கார்டை எடுக்கும் முன் கணினியில் 'எஜெக்ட்', செல்போனில் 'அன்மவுண்ட்' கொடுங்கள். நகல் எடுத்து முடிந்தது என்று திரை காட்டினாலும் பின்னணியில் அட்டவணை எழுதப்பட்டுக்கொண்டு இருக்கலாம்.

* நகல் எடுத்ததும் நாலு ஃபைலையாவது கணினியில் திறந்து பாருங்கள். அதன் பிறகே கார்டை அழியுங்கள். கேமரா கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது.

* நகல் எடுக்க 'கட்' வேண்டாம், 'காப்பி' கொடுங்கள். பாதியில் தடங்கல் வந்தாலும் அசல் பத்திரமாக இருக்கும்.

* வீட்டில் இரண்டு ரீடர் இருக்கட்டும். ஒன்று சந்தேகத்தைக் கிளப்பினால் இன்னொன்று பதில் சொல்லும்.

* முக்கியமான எதையும் ஒரே கார்டில் விட்டு வைக்காதீர்கள். கணினியில் ஒன்று, வேறொரு ஹார்ட் டிஸ்கிலோ கிளவுடிலோ ஒன்று என்று இரண்டு நகலாவது வேண்டும்.

காதணி விழா வீடியோ இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. அக்காவின் லேப்டாப்பில் ஒன்று, என் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பாட்டி பேசும் பகுதி மட்டும் தனியாக ஒன்று. உங்கள் வீட்டு டிராயரிலும் பழைய போன் கார்டு ஒன்று கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, நல்ல ரீடரில் போட்டு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால், 'கேன்சல்' கொடுங்கள்.